சர்வீஸ், ஜிசிசி, பிராடக்ட்: மூன்று ஆஃபர் கையில் இருந்தால் எதை எடுப்பது?

நான்கைந்து வருட அனுபவத்தோடு சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஐடி வேலையில் இருப்பவருக்கு இன்று மூன்று வகை ஆஃபர் வரலாம். ஒன்று, டிசிஎஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட் மாதிரியான சர்வீஸ் கம்பெனி. இரண்டாவது, ஒரு வெளிநாட்டு வங்கியோ கார் கம்பெனியோ மருந்துக் கம்பெனியோ தன் வேலைக்காகவே இங்கே நடத்தும் ஜிசிசி (குளோபல் கேப்பபிலிட்டி சென்டர்). துறையில் பழைய ஆட்கள் இதை கேப்டிவ் என்பார்கள். மூன்றாவது, ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற பிராடக்ட் கம்பெனி. இவற்றை ஒப்பிடும்போது நாம் முதலில் பார்ப்பது சிடிசி, அதாவது கம்பெனி காட்டும் வருட மொத்தச் சம்பளம். அடுத்து ஆபீஸ் எவ்வளவு தூரம், அப்புறம் வாரத்தில் எத்தனை நாள் போக வேண்டும். எல்லாம் முக்கியம்தான். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: என் சம்பளம் கடைசியில் யாருடைய பணத்திலிருந்து வருகிறது, உலகத்தில் என்ன நடந்தால் அந்தப் பணம் வற்றும்?

ஐடி கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் கணக்குப்படி 2024-25இல் இந்தியத் தொழில்நுட்பத் துறையின் வருமானம் சுமார் 28,300 கோடி டாலர். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஏற்றுமதி. 58 லட்சம் பேர் இதில் வேலை பார்க்கிறார்கள். இவ்வளவு பெரிய துறையின் நல்லது கெட்டது பெரும்பாலும் வெளியே முடிவாகிறது. 1990களின் கடைசியில், 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி நின்றுவிடும் என்ற ஒய்2கே பயம் நம் புரோகிராமர்களுக்கு அமெரிக்கக் கதவைத் திறந்துவிட்டது. 2001இல் டாட்காம் சரிவு, 2008இல் அமெரிக்காவின் லேமன் வங்கிச் சரிவு, 2020இல் கொரோனா, 2022இல் வட்டி உயர்வு. ஒவ்வொன்றும் சென்னையின் ஐடி சாலையான ஓ.எம்.ஆரில் வாடகை வரைக்கும் எட்டியது. ஆனால் மூன்று வகைக் கம்பெனிகளும் இவற்றை ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வித்தியாசம் தெரிந்தால் ஆஃபரைப் படிக்கும் விதமே மாறும்.

சர்வீஸ் கம்பெனி

இதன் கணக்கு எளிது. வாடிக்கையாளருக்கு ஒரு ஆளுக்கு மணிக்கு இத்தனை டாலர் என்று பில் போடுகிறார்கள், அந்த ஆளுக்கு ரூபாயில் சம்பளம் தருகிறார்கள். மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசும் ஃபிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தத்திலும் அடியில் ஓடுவது இதே கணக்குதான். ஆகவே வாடிக்கையாளரின் ஐடி பட்ஜெட்தான் எல்லாம். அந்த பட்ஜெட்டில் ஒரு பகுதி, இருக்கும் சிஸ்டத்தை ஓட வைப்பதற்கானது. வங்கியின் கணக்கு மென்பொருள் நின்றால் வங்கியே நிற்கும், அதனால் அந்தச் செலவை யாரும் சட்டென்று வெட்ட மாட்டார்கள். இன்னொரு பகுதி புதிய ஆப், புதிய தளம், கிளவுடுக்கு மாறுவது மாதிரியான வேலைகளுக்கு. பணம் இறுகும்போது முதலில் நிற்பது இதுதான்.

2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறக்கியது. கொரோனாவால் எல்லோரும் ஆன்லைனுக்கு ஓட, கடனும் மலிவாகக் கிடைத்தது. டிசிஎஸ் 2021-22 என்ற ஒரே நிதியாண்டில் நிகரமாக 1,03,546 பேரைச் சேர்த்தது. 2022 மார்ச்சோடு முடிந்த ஒரு வருடத்தில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 27.7 சதவீதம். ஒரு ஆஃபரைக் காட்டி இன்னொரு ஆஃபர் வாங்கிய காலம் அது. 2022 மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை போனது. புதிய பிராஜக்டுகள் தள்ளிப்போயின. 2023-24இல் அதே டிசிஎஸ்ஸில் 13,249 பேர் குறைந்தார்கள். இரண்டு வருட இடைவெளியில் ஊழியர்களின் திறமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. கடனின் விலை ஏறியது, அங்கே யாரோ புதிய பிராஜக்டுக்குக் கையெழுத்துப் போடவில்லை.

இதையெல்லாம் பார்த்து சர்வீஸ் என்றாலே ஆபத்து என்று முடிவுகட்டுவது சரியில்லை. இங்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வாடிக்கையாளருக்கு நெருக்கடி முற்றும்போது அவர் செலவைக் குறைக்க இன்னும் அதிக வேலையை இந்தியாவுக்குத் தள்ளுவார், ஐந்து வெண்டர் இருந்த இடத்தில் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்வார். 2008க்குப் பிறகு இந்தியக் கம்பெனிகள் சீக்கிரமே மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். அப்புறம், ஒரு அக்கவுன்ட், அதாவது ஒரு வாடிக்கையாளரின் வேலை, போனால் நீங்கள் பெஞ்சுக்கு வருவீர்கள்; பிராஜக்ட் இல்லாமலே சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொரு அக்கவுன்ட்டில் இடம் தேடலாம். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கும் கம்பெனியில் மட்டுமே இது நடக்கும்.

அதனால் சர்வீஸ் ஆஃபரில் கம்பெனி பெயரைவிட அக்கவுன்ட் பெயர்தான் முக்கியம். ஹெச்ஆர் சொல்லாவிட்டாலும், டெக்னிக்கல் ரவுண்டில் பேசும் மேனேஜரிடம் கேட்கலாம்: எந்தத் துறை வாடிக்கையாளர், முதல் நாளிலிருந்து பில்லிங் உண்டா, ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும், இது ஓட்டும் வேலையா கட்டும் வேலையா? கட்டும் வேலையில் கற்றுக்கொள்வது அதிகம், ஓட்டும் வேலையில் நிலைப்பது எளிது. இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

ஜிசிசி

இன்று எல்லோரும் பேசுவது இதைப் பற்றித்தான். காரணம் இல்லாமல் இல்லை. 2023-24 முடிவில் இந்தியாவில் 1,700க்கு மேல் ஜிசிசிகள், 19 லட்சம் ஊழியர்கள் என்று நாஸ்காமும் ஜின்னோவ் என்ற ஆலோசனை நிறுவனமும் கணக்கிட்டன. பெங்களூருவும் ஹைதராபாத்தும் முன்னால் இருந்தாலும் சென்னையிலும் 300 போல இருக்கின்றன. 1985இல் பெங்களூருவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தொடங்கிய வழி இது. சென்னையில் உலக வங்கியும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியும் 2000களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன.

ஜிசிசிக்கு வெளியே வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. இங்கே ஆகும் செலவோடு ஒரு சிறிய சதவீதம் லாபம் சேர்த்துத் தாய் நிறுவனத்துக்கே பில் போகும். வரிச் சட்டத்துக்காக அந்த லாபம். ஆகவே இங்கே விற்பனை சரிந்தது, அக்கவுன்ட் போனது என்ற பேச்சே இல்லை. அதே சமயம் தலைமையகத்தின் புத்தகத்தில் நீங்கள் எப்போதும் செலவுப் பக்கத்தில்தான் இருப்பீர்கள். செலவு கூடினால் மலிவான இடம் என்று இங்கே இன்னும் ஆள் சேர்க்கவும் செய்வார்கள், மொத்தமாக விற்றுவிடவும் செய்வார்கள். இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை அடுத்த ஆண்டு மூடியது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. அதே ஃபோர்டின் சோழிங்கநல்லூர் மையம் தொடர்ந்து நடந்தது. 2024இல் தமிழ்நாட்டில் தன் உலகளாவிய அலுவலகப் பணிகளில் 12,000 பேர் இருப்பதாகவும், மூன்று ஆண்டுகளில் இன்னும் 2,500 முதல் 3,000 பேர் வரை சேர்க்கப் போவதாகவும் அந்த நிறுவனம் சொன்னது. இந்தியாவில் கார் விற்கவில்லை என்பது ஆலையை மூட வைத்தது. சோழிங்கநல்லூரில் இருப்பவர்களின் வேலை உலகம் முழுவதும் விற்கும் ஃபோர்டு கார்களோடு கட்டுப்பட்டது, அதனால் தப்பித்தது. ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஆனால் இரண்டு வேலைகளும் இரண்டு வெவ்வேறு சந்தையை நம்பி இருந்தன. ஜிசிசி ஆஃபர் வாங்கும் யாரும் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் சிட்டி வங்கி. 2008 நெருக்கடியில் பணம் தேவைப்பட்டபோது இந்தியாவில் இருந்த தன் பின்னணி அலுவலக வேலைகளுக்கான கம்பெனியை டிசிஎஸ்ஸுக்கு சுமார் 50 கோடி டாலருக்கு விற்றது. வங்கி ஊழியர் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் சர்வீஸ் கம்பெனி ஊழியர் ஆனார்கள். அதற்கு முன்பே ஜெனரல் எலெக்ட்ரிக் தன் இந்திய கேப்டிவில் பெரும்பங்கை 2004 இறுதியில் முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தது. அதுதான் இன்றைய ஜென்பேக்ட். காக்னிசன்ட்கூட 1994இல் சென்னையில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் உள்வேலைப் பிரிவாகத் தொடங்கியதுதான், பிறகுதான் வெளி வாடிக்கையாளர்களிடம் போனது. ஜிசிசிக்கும் சர்வீஸுக்கும் நடுவில் இருக்கும் சுவர் வெளியிலிருந்து தெரிவதைவிட மெல்லியது.

இப்போது அமெரிக்க அரசியல் இதில் நேரடியாகக் கை வைக்கிறது, இரண்டு திசையிலும். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். ஆளை அங்கே கூட்டிப்போக முடியாவிட்டால் வேலையை இங்கே அனுப்பலாம் என்று கம்பெனிகள் யோசிக்கும், இது ஜிசிசிக்குச் சாதகம். அதே மாதம் செனட்டர் பெர்னி மொரேனோ, அவுட்சோர்சிங்குக்காக வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு 25 சதவீத வரி கேட்டு ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமானால் ஜிசிசியும் தப்பாது, ஏனென்றால் சொந்தக் கிளைக்கு அனுப்பினாலும் பணம் வெளிநாட்டுக்குத்தான் போகிறது.

இவற்றைவிட அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 2022 முதல் அமெரிக்க வரிச் சட்டத்தில், ஆராய்ச்சிக்கும் மென்பொருள் உருவாக்கத்துக்கும் ஆகும் செலவை வருமானத்திலிருந்து அந்த வருடமே முழுதாகக் கழிக்க முடியாமல் போனது. உள்நாட்டில் செய்தால் 5 வருடத்தில், வெளிநாட்டில் செய்தால் 15 வருடத்தில் பிரித்துத்தான் கழிக்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் உள்நாட்டுச் செலவுக்குப் பழையபடி உடனடிக் கழிவைத் திருப்பித் தந்தது. வெளிநாட்டுக்கு 15 வருடம் அப்படியே நிற்கிறது. சென்னையில் ஒரு எஞ்சினியர் புதிதாக மென்பொருள் எழுதினால், அந்தச் செலவின் வரிச் சலுகை அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கு முழுதாகக் கிடைக்கப் பதினைந்து வருடம் ஆகும். சம்பள வித்தியாசம் பெரிது என்பதால் இன்னும் இந்தியா மலிவுதான். ஆனால் லாபம் குறைவான, பணம் இறுகிய ஒரு தாய் நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு உறைக்கும்.

இங்கே தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு இழுக்கிறது. 2024-25 பட்ஜெட்டில், ஜிசிசிகள் மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் வேலைகளுக்கு முதல் ஆண்டு 30, அடுத்த ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம் சம்பள மானியம் அறிவித்தது. நல்ல முயற்சி. ஆனால் ஊழியர் கவனிக்க வேண்டியது, மூன்று வருடத்துக்குப் பிறகும் அந்த மையத்துக்கு இங்கே இருக்கக் காரணம் இருக்குமா என்பது.

அதற்கு என் அளவுகோல் ஒன்றுதான். இங்கிருப்பவர்கள் ஒரு பொருளையோ செயல்பாட்டையோ முழுதாகச் சொந்தமாக நடத்துகிறார்களா, அல்லது அங்கே எடுத்த முடிவைச் செய்து கொடுக்கிறார்களா? இன்டர்வியூவில் நேராகக் கேளுங்கள்: இந்த டீமின் டைரக்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு மேலே இருப்பவர் எங்கே? இரண்டு பேரும் அமெரிக்காவில் என்றால் உங்கள் சீட்டை இன்னொரு ஊருக்கோ ஒரு வெண்டருக்கோ மாற்றுவது அவர்களுக்குச் சுலபம். தாய் நிறுவனத்தின் காலாண்டு முடிவுகளையும் படியுங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் இணையத்திலேயே கிடைக்கும்.

பிராடக்ட் கம்பெனி

இந்த வகைக்குள்ளேயே இரண்டு ஜாதி உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று முதலீட்டாளர் பணத்தில் வளர்வது, மற்றது வாடிக்கையாளர் கட்டும் சந்தாவில் வளர்வது.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010இல் சென்னையில் தொடங்கி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பங்கு ஒன்று 36 டாலருக்கு வந்தது. அன்று அதன் ஊழியர்களில் 500க்கு மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர் ஆனதாக அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். திருச்சியில் வளர்ந்தவர் தொடங்கிய கம்பெனி அங்கே மணி அடித்தது நம் எல்லோருக்கும் பெருமையான நாள். ஆனால் வட்டி ஏறிய 2022இல் அதே பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே போனது, 2024 நவம்பரில் சுமார் 660 பேரை, அதாவது 13 சதவீத ஊழியர்களை அனுப்பினார்கள். வட்டி பூஜ்யமாக இருக்கும்போது பத்து வருடம் கழித்து வரப்போகும் லாபத்துக்குக்கூட முதலீட்டாளர் பணம் தருவார். வங்கியிலேயே 5 சதவீதம் கிடைக்கும்போது, இந்த வருடம் லாபம் எங்கே என்று கேட்பார். ஈசாப்பின், அதாவது ஊழியருக்குத் தரும் கம்பெனிப் பங்கின், மதிப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ஸோஹோ வேறு பாதை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பாளர்களுக்கு மென்பொருள் விற்றது. 2001 சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் மளமளவென்று காணாமல் போனார்கள். வெளி முதலீடு இல்லாததால் யாரும் கம்பெனியை விற்கச் சொல்லவில்லை. அவர்கள் மெதுவாக, கம்பெனிகளின் ஐடியை நிர்வகிக்கும் மென்பொருளான மேனேஜ்எஞ்சினுக்கும் பிறகு இணையவழி மென்பொருளுக்கும் மாறினார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைக்கும் துணிவும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்க ஆள் இல்லாததால் வந்ததுதான். இதற்கு விலையும் உண்டு: நாஸ்டாக் நாள் மாதிரியான திடீர்ப் பணம் இங்கே எதிர்பார்க்க முடியாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஆபத்து இருக்கிறது. இந்த மென்பொருள்களில் பல, ஒரு பயனருக்கு மாதம் இத்தனை டாலர் என்று விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் ஒரு கால்சென்டர் 200 பேரை 120 ஆகக் குறைத்தால் 80 சந்தா போய்விடும். அந்தக் குறைப்பு மந்தநிலையால் வந்தாலும் ஏஐயால் வந்தாலும் விளைவு ஒன்றுதான்.

ரூபாயும் ஏஐயும்

டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. ஐடி ஆட்களுக்கு நல்லதுதானே என்று வீட்டில் கேட்பார்கள். கம்பெனிக்கு நல்லது, ஓரளவு. பில் டாலரில், சம்பளம் ரூபாயில், நடுவில் மிச்சமாகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடிக்கையாளரின் ஆட்களுக்கும் டாலர் விலை தெரியும், தள்ளுபடி கேட்பார்கள். ஊழியரின் ஹைக்கில் அது அநேகமாக வந்து சேர்வதில்லை. ஜிசிசியில் ரூபாய் விழுந்தால் உங்கள் டீம் டாலர் கணக்கில் மலிவாகிறது, அதாவது புதிய இடங்களுக்கு அனுமதி கிடைப்பது எளிதாகிறது. அந்த வகையில் ரூபாய்ச் சரிவின் பலன் ஊழியருக்குக் கொஞ்சமாவது எட்டும் இடம் ஜிசிசிதான். டாலரில் மதிப்புள்ள பங்கு தரும் கம்பெனி என்றால் அதுவும் சேரும்.

ஏஐ விஷயத்தில் மூன்றிலும் அதிகம் அடிபடுவது சர்வீஸ். ஆள் கணக்கில் பில் போடும் வியாபாரத்தில், பத்துப் பேர் வேலையை ஏழு பேர் செய்தால் வருமானமே குறைகிறது. மிச்சத்தில் பங்கு கேட்டு வாடிக்கையாளர்கள் ஒப்பந்த மேசைக்கு வந்துவிட்டார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரை, அதாவது 2 சதவீதத்தைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. திறனும் தேவையும் பொருந்தாததே காரணம், ஏஐ காரணமில்லை என்றது அதன் தலைமை. குறைப்பு பெரும்பாலும் நடு, மேல்நிலைப் பதவிகளில் என்பதைக் கவனியுங்கள். வேலையை நேரடியாகச் செய்யாமல் ஆட்களை மட்டும் நிர்வகித்த பன்னிரண்டு, பதினைந்து வருட அனுபவம் இனி கவசம் ஆகாது. அப்படிப்பட்ட பதவி உயர்வு ஆஃபராக வந்தால் நான் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன்.

சரி, எதை எடுப்பது?

வீட்டுக்கடன் இருக்கிறது, ஒரே சம்பளம், அப்பா அம்மா கூடவே இருக்கிறார்கள் என்றால்: முடிவெடுப்பவர் இங்கேயே இருக்கும், ஐந்து வருடத்துக்கு மேல் பழகிய ஜிசிசிக்கு முதலிடம். அதுவும் வங்கி, காப்பீடு, மருந்து போன்ற துறை என்றால் நல்லது. இரண்டு வருடத்துக்குள் தொடங்கிய, இங்கே ஒரு தலைவர்கூட இல்லாத ஜிசிசி 40 சதவீத ஹைக் தந்தாலும், ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் ஓட்டும் வேலை அக்கவுன்ட்டையே நான் அதற்கு மேலாக வைப்பேன். பெஞ்ச் என்ற அந்தச் சிறிய மெத்தை ஒரு குடும்பத்துக்குக் கொஞ்ச கால நிம்மதி.

கடன் இல்லை, கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கிறார்கள், முப்பது வயதுக்குள் என்றால் பிராடக்ட் பக்கம் போகலாம். லாபத்தில் ஓடுகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் வரும் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கும் கம்பெனியை விட்டுவிடலாம். ஈசாப்பை மொத்தச் சம்பளத்தில் சேர்க்காமல், கைக்கு வரும் ரொக்கத்தை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பங்கை வாங்க வேண்டும், அன்று வரி எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கணவனும் மனைவியும் ஒரே மாதிரிக் கம்பெனியில், ஒரே துறை வாடிக்கையாளரை நம்பி இருக்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. ஒருவர் சர்வீஸில் அமெரிக்க வங்கி அக்கவுன்ட், இன்னொருவர் ஐரோப்பிய மருந்துக் கம்பெனியின் ஜிசிசி என்றால் ஒரே மாதத்தில் இரண்டும் போக வாய்ப்பு குறைவு.

வெளிநாடு போகும் ஆசையில் மட்டும் சர்வீஸைத் தேர்ந்தெடுப்பவர்கள் மறுபடி கணக்குப் போட வேண்டும். எச்-1பி கட்டணத்துக்குப் பிறகு ஆன்சைட் வாக்குறுதிக்குப் பழைய மதிப்பு இல்லை.

புதிதாகப் படிப்பு முடிப்பவர்களுக்கு இந்தத் தேர்வே பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஜிசிசிகள் கேம்பஸுக்கு வருவது சில கல்லூரிகளுக்குத்தான், ஆரம்பச் சம்பளமாக வருடத்துக்கு 3 முதல் 4 லட்சம் தரும் சர்வீஸ் கம்பெனிதான் பலருக்கும் ஒரே வாசல். அந்தச் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக அங்கேயே நிற்பது இந்தத் துறை நம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அந்த வாசலில் நுழையுங்கள். 2022க்குப் பிறகு ஆஃபர் லெட்டர் கையில் வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் பலர். அதனால் லெட்டர் வந்ததும் தேடலை நிறுத்த வேண்டாம், தேதி வரும்வரை கிடைக்கும் சிறிய கம்பெனியில் சேர்ந்து வேலை பழகுங்கள். இதில் துரோகம் எதுவும் இல்லை. விழுப்புரத்திலும் சேலத்திலும் தஞ்சாவூரிலும் இப்போது டைடல் நியோ பூங்காக்கள் வந்திருக்கின்றன, ஊருக்குப் பக்கத்திலேயே விசாரிக்கலாம். பெரிய கம்பெனியில் சேர்ந்த பிறகு, இரண்டாவது வருட முடிவில் உங்கள் அக்கவுன்ட்டின் வாடிக்கையாளர் எப்படி இருக்கிறார் என்று அவருடைய காலாண்டு முடிவைத் தேடிப் படியுங்கள். அவருடைய லாபம் தொடர்ந்து மூன்று காலாண்டு இறங்கியிருந்தால் ரெஸ்யூமேவைத் தயார் செய்துவிடுங்கள். பல இடங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள், அதனால் சீக்கிரம் தொடங்குவது உங்களுக்கு நல்லது.